என் மேசையில் அலறிய கருவி

எங்கள் கல்லூரி நூலகத்துப் புத்தகங்களுக்கெல்லாம் ரேடியோ அலைச் சில்லு ஒட்டி முடித்த வாரம் அது. தேடும் புத்தகத்தின் எண்ணைக் கைக்கருவியில் பதிந்துகொண்டு நடந்தால், புத்தகம் நெருங்க நெருங்கக் கருவி வேகமாகக் கீச்சிடும். அதைக் கீழே வைக்க எனக்கு மனமே வரவில்லை.

எங்கள் கல்லூரியில் படித்து முடித்த குருநகர் ஜெனிற்றா வந்தாள். மறுநாள் ஆசிரிய வேலையில் சேர வேண்டும். நூலகத்தில் பாக்கி இல்லை என்று நான் கடிதம் தந்தால்தான் நாலு மணிக்குள் அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் ஒரு கணிதப் புத்தகம் திரும்பி வரவில்லை என்றது கணினி.

"போன கிழமையே உங்கடை கையிலை தந்தனான், அண்ணை."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை," என்றேன்.

"அப்ப உந்த மிசினைக் கேளுங்கோவன். அது பொய் சொல்லாதெண்டு நீங்கள்தானே பெருமையடிக்கிறியள்!"

கருவியோடு கிளம்பினேன். அடுக்குகளில் ஒரு சத்தமும் இல்லை. திரும்பி என் மேசையை நெருங்கியபோது கீச்சிட்டது. இன்னும் இரண்டு அடி வைத்தேன், கீச்சல் விரைந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என் கணினித் திரைக்கு முன்னால் கருவி விடாமல் அலறியது.

உயரம் போதாதென்று திரைக்கு அடியில் மூன்று புத்தகங்கள் வைத்திருந்தேன். நடுவில் இருந்தது அவளுடைய கணிதப் புத்தகம். சில்லை ஒட்டிவிட்டு, திரும்பி வந்ததைப் பதியாமல் அங்கே செருகியவன் நான்தான்.

"கள்ளனைப் பிடிச்சிட்டுது!" என்று ஜெனிற்றா கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மூன்றரை மணிக்குக் கடிதத்தோடு சைக்கிளில் பறந்தாள்.

இப்போதும் அந்தக் கருவியோடு புத்தகம் தேடுகிறேன். தேடத் தொடங்கும்போதே, திருப்பித் தந்துவிட்டேன் என்று சொல்பவரை நம்பிவிடுகிறேன்.