லாட்ஜ் மேசையில் இரண்டு திரைகள்

பௌர்ணமியன்று மதியம், திருவண்ணாமலை லாட்ஜ் ஒன்றில் கடைசி அறை எனக்குக் கிடைத்தது. வரவேற்பு மேசைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். அதே விரலால் தொட்டுத் தொட்டு அவருடைய டேப்லெட் திரையும் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வேறு. அறைப் பதிவுப் பக்கம் டேப்லெட்டில் பெரிய பொத்தான்களோடும், கம்ப்யூட்டரில் பொடிப் பொத்தான்களோடும் தெரிந்தது.

“ரெண்டுலயும் ஒரே மாதிரி ஸ்கிரீன் இருந்தா போதும்ல, அண்ணா?” என்று ஆரம்பித்தேன்.

“விரலுக்கு வேற, மவுசுக்கு வேறங்க. நம்ம விரலு கொஞ்சம் தடி ஜாஸ்தி.”

விடுவேனா? டேப்லெட்டை வாங்கி, கம்ப்யூட்டர் தோற்றத்துக்கு மாற்றி, பொடிப்பொடியாகத் தெரிந்த பொத்தான்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். பக்கத்துப் பொத்தான் அழுந்தி என் அறையே ரத்தாகிவிட்டது.

“அப்ப ரூம் காலிங்களா?” என்றார் அறை கேட்டு எனக்குப் பின்னால் நின்றவர், ஆவலாக.

மேசைக்காரர் அதற்குள் மவுசைப் பிடித்து, அறையை மறுபடி என் பெயருக்கே போட்டிருந்தார்.

“இல்லீங்க. சார் சும்மா செஞ்சு காட்டினாரு.”

முகத்தில் சிரிப்பே இல்லை. என்னைக் காப்பாற்றினாரா, கேலி செய்தாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.