கிடங்கில் ஊறிய தண்ணீர்

இன்று காலை குளத்தடியில் புது வீட்டுத்திட்டத்துக்கு மலசலகூடக் கிடங்கு வெட்டினார்கள். மேலே வந்த ஈரக்களியின் மணம் என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது. அதே இடத்தில்தான் கோடையில் நாங்கள் கையால் மண்ணைப் பறித்து, கலங்கல் தண்ணீரை இரண்டு தரம் அள்ளி ஊற்றிவிட்டு, மூன்றாம் தரம் ஊறுவது தெளியும்வரை மூச்சுக்கூடப் படாமல் குந்தியிருந்து, பல் கூசும் அந்தக் குளிரைத் தாமரை இலையில் ஏந்திக் குடிப்போம். ஊற்றுக்குக் கிட்டத் துப்பினாலே அம்மா அடிப்பா.

இன்றும் கிடங்கில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கூச்சத்தை விட்டு மேற்பார்வையாளரிடம் போனேன்.

"தம்பி, இது எங்கட கிணறுகளுக்குப் போற ஊற்று. இதுக்குள்ள மலக்குழி வைக்காதேங்கோ."

"அப்ப வீட்டுத்திட்டக் கூட்டத்தில வாயைத் திறக்காமல், சம்மதம் எண்டு ஏனம்மா ஒப்பம் வைச்சனீங்கள்?" என்று சிரித்தபடி ஒரு தாளை நீட்டினார்.

கூட்டத்துக்கு வந்தவர்களின் வரவு என்று சொல்லித்தான் அன்று பின்வரிசையில் இருந்த எனக்கு அதைத் தந்தார்கள். மேலே அச்சடித்திருந்ததை நான் வாசிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்துத்தான் அந்தத் தாளிலேயே வடிவாக இருந்தது.