கடைசிப் பந்தியில் ஒரு கமரா

தென்லண்டனில் எங்கள் கோயில் மண்டபத்துக்குக் கமராக்களும் போன்களும் பூட்டியது நான்தான். யாரும் கேட்கவில்லை. வேலையிடத்தில் கிடைக்காத மரியாதை இங்கேயாவது கிடைக்கட்டும் என்று நான் குடியிருக்கும் சட்டன் என்ற ஊரிலிருந்து நானே போய் விழுந்தேன்.

நெட்வேர்க் வயரிலேயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் சுவிட்ச் பெட்டி ஒன்றில்தான் எல்லாவற்றையும் கொழுவினேன். வயர் கொழுவ இருபத்துநான்கு போர்ட் இருந்தாலும் அத்தனைக்கும் போதுமான மின்சாரம் அதனிடம் இல்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்கும். முழுவதும் செலவாகாவிட்டாலும் பெட்டி அதை ஒதுக்கி வைத்துவிடும். தட்டுப்பாடு வந்தால் கடைசி எண்ணிலிருந்து வெட்டும். ஆகவே யாருக்கு எந்த எண் என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது.

நான் பந்தி வைப்பதுபோல வைத்தேன். முதல் போர்ட் பிள்ளையார் சன்னதிக் கமராவுக்கு. அடுத்தது கோயில் தலைவரின் போனுக்கு. மூன்றாவது செருப்பு வைக்கும் இடத்துக் கமராவுக்கு; திருவிழாவில் தன் சப்பாத்து காணாமல் போனதிலிருந்து தலைவருக்கு அது பெரிய கவலை. பிறகு பெரியவர்கள் யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று சில போர்ட்டுகளை வெறுமையாக விட்டேன். மேடைக் கமரா கடைசி எண்ணில். அந்த மேடையில் முதலில் ஆடப்போவது என் மகள். விருந்து வைக்கும் வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில்தானே உட்கார வேண்டும்? என் அடக்கத்தை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பில் அக்கா காத்திருந்தார். விசா கிடைக்கவில்லை. என் மகளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆள் மூலம் ஒரு சோடி சிவப்புச் செருப்பு அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். இன்டர்நெட்டில் பார்க்க வழி செய்து கொடுத்தேன். மேடைக் கமரா நின்றுபோனால் அதற்கு முந்திய கமராவின் படம் தானாக வரவும் ஏற்பாடு செய்தேன். கெட்டிக்காரன் அல்லவா.

ஆட்டம் தொடங்குமுன், கைபோன்களை நிறுத்தச் சொல்லித் தலைவர் மைக்கில் அறிவித்தார். நிறுத்தினேன். மகள் அருமையாக ஆடினாள். பக்கத்திலிருந்தவரிடம், "இது இப்ப கொழும்பிலையும் ஓடுது" என்று அளந்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் தலைவர் முதுகில் தட்டினார். "புதுப் போன் ஒண்டு கொண்டந்தனான், பெரிய கலர் ஸ்கிரீன். பொருளாளற்ரை மேசையிலை கொழுவின உடனை வேலை செய்யுது தம்பி. நல்லாச் செய்து வைச்சிருக்கிறீர்."

அந்த மேசைக்கு நான் விட்டிருந்தது வெறும் போர்ட்டுகளில் ஒன்று; புதுப் போன் கேட்ட மின்சாரத்துக்காகப் பெட்டி கடைசி எண்ணை வெட்டியிருக்கும். ஓடிப்போய் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆட்டம் பாத்தீங்களோ அக்கா?"

"எங்கையடா? பிள்ளை மேடைக்கு வரமுந்தியே படம் மாறீட்டுது. இவ்வளவு நேரமும் செருப்புத்தான் பாக்கிறன்."

என் மானம் கப்பலேறியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதை விடு," என்றார் அக்கா. "நான் வாங்கி அனுப்பின சிவப்புச் செருப்பு இஞ்சை படத்திலை கிடக்கு. போட வருவாள்தானே? அதுதான் எழும்பாமல் இருக்கிறன்."

மகளைக் கையில் பிடித்துச் செருப்பு வைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். கொழும்பு மாமி பார்க்கிறார் என்றதும் கமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுச் செருப்பைப் போட்டாள். குதிக்கால் வெளியே நீட்டியது. எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வளந்திட்டாள்," என்றது போனில் அக்காவின் குரல். "இன்னொருக்காக் கழட்டிப் போடச் சொல்லடா."