பாட்டு இங்கே, மிருதங்கம் அங்கே

எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வருடம் வேலி அடைத்தபோது அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், வேலிக் கம்புகளான கதியால்களை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டார். இல்லவே இல்லை என்று அவர் இன்றைக்கும் சொல்லுகிறார். நட்டார் என்று நான் இன்றைக்கும் சொல்லுகிறேன். அன்று நான் கேட்டேன், அக்கா அவருக்காகப் பரிந்து வந்தாள், வார்த்தை தடித்தது. மறுநாள் பார்த்தால், நாங்கள் போய்வருவதற்காக வேலியில் விட்டிருந்த பொட்டை, அந்தச் சின்னத் திறப்பை, தென்னோலைக் கிடுகு வைத்து இறுக்கக் கட்டியிருந்தார்கள். அதோடு அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். நான் மட்டும் விடுவேனா, நானும் நிறுத்தினேன்.

கதைக்கவில்லை என்றால் வாய் மூடியிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். கோழிகள் எதற்கு இருக்கின்றன? "அடுத்தவன் காணியிலை ஆசைப்படுற சாதியடி நீ, மூதேசி" என்று நான் என் பேட்டுக் கோழியைக் கலைத்தால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அக்கா தன் ஆட்டிடம், "வாய் நீண்டால் வயித்துக்குக் கிடையாது, தெரிஞ்சுகொள்" என்பாள். பாவம் அந்த ஆடு, அது வாயே திறக்கவில்லை.

ஹெலி சுட்டது, ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், றோட்டில் ஆமி வந்தது. அதெல்லாம் எங்கள் ஊர் பண்டத்தரிப்பு முழுவதற்கும் பொதுவான கவலை. எனக்கென்று சொந்தமாக இருந்த கவலை அக்காதான். கூப்பிடு தூரத்தில் அவள் மிளகாய் இடிக்கிற சத்தம் கேட்கும், மணம் வரும், அவள் வரமாட்டாள். ஷெல் விழுந்தால் பங்கருக்குள் ஓடலாம். இதற்கு எங்கே ஓடுவது?

இந்த நிலைமையில்தான் ஜேர்மனியில் இருந்த அண்ணன் ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் காசும் சொல்லும் அனுப்பினான். "நல்ல செட் ஒண்டு வாங்குங்கோ. டெக்கிலை படம் போட்டால் தியேட்டர் மாதிரி இருக்க வேணும். அப்பா பாட்டுக் கேட்டாலும் நல்லாய் இருக்க வேணும். ரெண்டு வீட்டுக்கும் பொது." பொட்டு அடைத்த கதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் சாவு வீட்டையும் கலியாண வீட்டையும்தான் சொல்லுவோம், வேலியைச் சொல்லுவதில்லை.

செட் எடுக்க யாழ்ப்பாணம் டவுனுக்குப் போன குழுவில் நான், என் புருஷன், அத்தான், அப்பா. நான் போகிறேன் என்று தெரிந்ததும் அக்காவுக்குத் தலையிடி வந்துவிட்டது. பெண்சாதிமார் கதைப்பதில்லை, ஆனால் சகலன்மார் இரண்டு பேரும் மானிப்பாய் தாண்டும்வரை பஸ்ஸில் ஒரே சீட்டில் இருந்து சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். சண்டையை நாங்கள்தான் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. ஆம்பிளைகளை நம்பி ஒரு பகையைக்கூட ஒப்படைக்க முடியாது.

கடையில் இரண்டு செட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்கள். ரேடியோவும் அம்பிளிபயரும் ஒரே பெட்டிக்குள். வீடியோ டெக்கில் இருந்து ஒரு வயர், கசற் பிளேயரில் இருந்து ஒரு வயர் கொண்டுவந்து செருகலாம். கடைக்காரர் அதை ரிசீவர் என்றார். முதலாவது செட்டில் முகம் முழுக்க லைட். சத்தம் கூடக் கூடப் பச்சையும் சிவப்பும் ஏறி இறங்கியது. எத்தனையோ வாட்ஸ் என்றார், எங்களுக்கு எண் விளங்கவில்லை, மரியாதை வந்தது. இரண்டாவது செட் கறுப்பு. நாலு திருகு, ஒரு சின்ன லைட், தூக்கினால் மட்டும் பாரம். அதைப் பார்த்து அத்தான், "உது என்ன, மீற்றர் பெட்டியே?" என்றார்.

கடைக்காரர் லைட் செட்டில் ஒரு சண்டைப் படம் போட்டார். அடி விழ, மேசையில் இருந்த தேத்தண்ணிக் கிளாஸ் நகர்ந்தது. என் புருஷனுக்கு முகமெல்லாம் பல். "அண்ணை, பாத்தியளே! அடி விழுந்தால் எங்கடை நெஞ்சிலை விழுது." அத்தானும் நெஞ்சைத் தடவிக்கொண்டார். இரண்டு பேருக்கும் அடி விழவேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

அப்பா சேட் பொக்கற்றில் இருந்து ஒரு கசற்றை எடுத்தார். ஒரு கச்சேரி. வீட்டில் இருந்த பழைய ரேப் ரெக்கோடரில் போட்டுப் போட்டு அவருக்கு மனப்பாடம். எங்களுக்கும் மனப்பாடம், ஆனால் விருப்பமில்லாமல்.

"தம்பி, உந்தத் திருகு எல்லாத்தையும் நடுவிலை விடும்" என்றார் கடைக்காரரிடம்.

"ஐயா, பாஸ் சத்தத்தைக் கூட்டினால்தான் எடுப்பாய் இருக்கும்."

"எடுப்பு எனக்கு வேண்டாம். நடுவிலை விடும்."

பிறகு வெறும் மட்டைப் பெட்டி ஒன்றை இழுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டு அதில் குந்தினார். லைட் செட்டில் மிருதங்கம் இடி மாதிரி விழுந்தது. பாடினவர் தண்ணித் தாங்கிக்குள் நின்று பாடுகிறாரோ என்றிருந்தது. அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அதே கசற்றைக் கறுப்புச் செட்டில் போட்டார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வந்து இரு. பாட்டும் வயலினும் இடப்பக்கம் கேக்குதோ? மிருதங்கமும் கடமும் வலப்பக்கம். நடுவிலை என்ன கேக்குது?"

"ஒண்டுமில்லை."

"வடிவாய்க் கேள்."

கேட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில், இழுத்துக்கொண்டே போகிற ஒரு ரீங்காரம். தம்புரா. வீட்டில் எத்தனையோ முறை ஓடின கசற், அதற்குள் தம்புரா இருந்தது எனக்குத் தெரியாது.

"தம்புரா கேட்டால் செட் நல்லது" என்று அப்பா எழும்பினார். "கேக்காட்டில் உது செட் இல்லை, சிகரம்." சிகரம் என்றால் எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டுகிற உயரமான கட்டு. சண்டைப் படத்தைக் கறுப்புச் செட்டிலும் போட்டுப் பார்த்தார்கள். கிளாஸ் நகரவில்லை. ஆனால் அடி வாங்கினவன் என்ன சொல்லி அழுதான் என்பது முதன்முறையாக விளங்கியது. காசு அண்ணனுடையது என்றாலும் அண்ணன் அப்பாவுடையவன் என்பதால் கறுப்புச் செட் வந்தது. என் புருஷன் திரும்பும் வழியெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இனித்தான் எங்கள் குடும்பத்தின் மூளை வேலை செய்த கதை. செட் இரண்டு வீட்டுக்கும் பொது. அப்பா சீதனம் கொடுத்தபோது காணியை நடுவால் பிரித்தார். கிணறு பங்குக் கிணறு. புளியமரத்தில் கிழக்குக் கொப்பு அவளுக்கு, மேற்குக் கொப்பு எனக்கு. ஆகவே ஒரு செட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் எங்களுக்கு வேறென்ன தோன்றும்? ஆளுக்கொன்று. வெள்ளைக்காரனும் இரண்டு பொம்பிளைப் பிள்ளை பெற்றவனாக்கும், நினைத்துத்தான் செய்திருக்கிறான் என்றார் அத்தான். அப்பா வாய் திறக்கப் போனார், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் இருந்தது எங்கள் வீட்டில் என்றபடியால் செட் எங்கள் விறாந்தையில். இடது ஸ்பீக்கர் எங்களுக்கு. வலது ஸ்பீக்கர் நீள வயரில் வேலிக்கு மேலால் போய் அக்கா வீட்டு விறாந்தையில் இறங்கியது. சகலன்மார் இரண்டு பேரும் ஏணி பிடித்து, வயர் கட்டி, வேர்த்து விறுவிறுத்து, பெரிய திருப்தியோடு கை கழுவினார்கள்.

அப்பா கசற்றைப் போட்டார். எங்கள் விறாந்தையில் பாட்டும் வயலினும் மட்டும். தாளத்துக்கு ஆளில்லாமல், பாடுகிறவர் சந்தியில் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரித் தனியே நின்றார். அந்தப் பக்கம் அக்கா வீட்டில் மிருதங்கமும் கடமும் மட்டும் டொங்கு டொங்கென்று அடித்தன.

சற்று நேரத்தில் அக்கா தன் ஆட்டிடம் கதைப்பது கேட்டது. "பாத்தியே? பாட்டை அவள் எடுத்துக்கொண்டு எனக்கு அடியை அனுப்பியிருக்கிறாள். காணியிலை ஒரு சாண் எண்டு கத்தினவள், பாட்டிலை முழுசாய் விழுங்கிப்போட்டாள்!"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோழியைத் தேடினேன், அன்றைக்கென்று ஒன்றும் அகப்படவில்லை. ஸ்பீக்கரை மாற்றினோம். இப்போது எங்களுக்கு மிருதங்கம், அவளுக்குப் பாட்டு. அதையும் அவள் ஏற்கவில்லை. தாளத்தை ஒளித்துவைத்துக்கொண்டு பாட்டை அனுப்பினோமாம். திரும்பவும் பழையபடியே மாற்றிவிட்டோம்.

படம் போட்டால் அந்தக் கரைச்சல் இல்லை, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான். ஆனால் படம் தெரிகிற ரிவி எங்கள் வீட்டில். அத்தான் கூச்சமில்லாமல் வந்து முன்வரிசையில் இருந்து பார்ப்பார். அக்கா தன் விறாந்தையில் இருந்து படத்தைக் காதால் பார்ப்பாள். ஒருநாள் பின்னேரம் ஒரு அழுகைப் படம். தாய் சாகிற இடத்தில் நான் மூக்கைச் சீறினேன். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு மூக்குச் சீறல். அது அக்காவின் மூக்கு, எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து அந்த மூக்கோடு மல்லுக்கட்டியவள் நான். எழும்பி ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எழும்பவில்லை. வேலி எங்கள் பக்கம்தானே வந்தது, எழும்ப வேண்டியவள் அவள்.

பாடு அப்பாவுக்குத்தான். காலமைச் சாப்பாடு எங்கள் வீட்டில், இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில், றோட்டால் சுற்றிச் சுற்றிப் போய்வந்தார். பாட்டும் அப்படியே. இங்கே அரைவாசி, அங்கே அரைவாசி. தேடித் தெரிந்தெடுத்த தம்புரா இரண்டு வீட்டிலும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை அவர் என்னிடம், "பிள்ளை, உன்ரை ஸ்பீக்கரைத் தூக்கி வேலிப்பக்க யன்னலிலை வை" என்றார். றோட்டால் சுற்றிப் போய் அக்காவிடமும் அதையே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து கசற்றைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, விறாந்தையில் நாங்கள் இருக்கிற நீள மர வாங்கை இழுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனார். பழைய பொட்டு இருந்த இடத்தில் வாங்கைப் போட்டு இருந்தார். காதைச் சாய்த்தார். இந்தப் பக்கத்துப் பாட்டு நன்றாக வந்தது. அந்தப் பக்கத்து மிருதங்கம் கிடுகில் மோதி, யாரோ பாய் தட்டுவது போலக் கேட்டது. எழும்பிப் போய்க் கத்தியோடு வந்தார். கயிறுகளை அறுத்து, கிடுகை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்து அத்தான் கத்தினார். "மாமா! என்ன செய்யிறியள்? வேலியை வெட்டிறியள்!"

"கேக்கேல்லைத் தம்பி, அதுதான்."

நான் குசினியில் இருந்து ஓடினேன். அக்கா தன் குசினியில் இருந்து ஓடி வந்தாள், கையெல்லாம் மா. பிய்ந்த வேலிக்கு நடுவில் அப்பா வாங்கை நகர்த்தி, கதியால் வரிசையில் நேராகப் போட்டு, இரண்டு காணிக்கும் சரிபாதியாக இருந்துகொண்டார்.

"உவருக்கு என்னடி பிடிச்சது?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியாதக்கா. காலமை தொடக்கம் உப்பிடித்தான்."

சொன்ன பிறகுதான் நாங்கள் கதைப்பதில்லை என்பது இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அவள் கையில் இருந்த மாவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நெற்றியோரம் நரை விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது, அந்த நரை வந்த காலம் முழுக்க நான் ஆட்டுக்குச் சொல்லப்பட்டதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"சத்தம் போடாதேங்கோ" என்றார் அப்பா, கண்ணை மூடியபடி. "உங்கடை சண்டை எனக்கென்னத்துக்கு? எனக்குப் பாட்டு முழுசாய் வேணும். தம்புரா கேக்குதோ?"

"ஓம்" என்றோம் இரண்டு பேரும் ஒன்றாக. எனக்கு ஒரு இழவும் கேட்கவில்லை. அழுகையோடு எந்தத் தம்புரா கேட்கும்?

அந்தப் பொட்டை அதற்குப் பிறகு யாரும் அடைக்கவில்லை. வாங்கும் அங்கேயே நின்றது. படம் பார்க்க அக்கா அதால்தான் வருவாள், வந்து படம் முழுக்கக் கதைத்துக்கொண்டே இருப்பாள், ஒரு வசனம் கேட்க விடமாட்டாள்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தோடு கறண்ட் போனது. அதற்கு முதலும் எத்தனையோ முறை போனதுதான், ஆனால் இந்த முறை திரும்பி வரவில்லை. கறுப்புச் செட்டுக்கு மேல் ஜாம் போத்தல் விளக்கு ஏறியது. அப்பா மட்டும் பின்னேரங்களில் வழக்கம்போல் வாங்கில் போய் இருப்பார்.

அப்படி இருக்க, வேலி அடைக்கிற காலம் வந்தது. அக்காவும் நானும் பழைய சாண் கதையைத் தொடங்கிவிட்டோம். இப்போது கோழியும் இல்லை, ஆடும் இல்லை, நேருக்கு நேர். அவள் அந்தப் பக்கம் நின்று, நான் இந்தப் பக்கம் நின்று, நடுவில் அப்பா. என் புருஷன் இரக்கப்பட்டு வந்தார்.

"மாமா, சைக்கிள் டைனமோவிலை ரேப் ஒண்டு பூட்டித் தரட்டோ? நான் மிதிக்கிறன், நீங்கள் பாட்டுக் கேக்கலாம்."

"வேண்டாம் தம்பி" என்றார் அப்பா. "இஞ்சை ரெண்டு பக்கமும் நல்லாய்க் கேக்குது."

அக்காவும் நானும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். அப்பா கண்ணைத் திறந்து முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?" என்றார்.