முதல் வரியைத் தொடாத சீப்பு

ஒழுங்கில்லாமல் எதைக் கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி கோணலாகக் கிடந்தால்கூட இழுத்து நேராக்கிவிட்டுத்தான் நகர்வேன். இந்தப் புத்தியோடு எண்பதுகளின் கடைசியில் பதுளைக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனால் என்ன ஆகும்? போன முதல் மாதமே கூட்டாளியோடு சண்டை பிடித்தேன்.

பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வகுப்பு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சனிக்கிழமைகளில் நான் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். கூட்டாளிக்கு அந்தத் தொல்லை இல்லை. கீழே இருந்த கடையே அவளுடைய வாப்பாவுடையதுதான். படியேறினால் வகுப்பு. அப்படியிருந்தும் எனக்குப் பிறகுதான் வருவாள்.

அவள் எழுதும் புரோகிராம்களில் எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எது எதற்குள் அடங்கியது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை வலித்துவிடும்.

"என்னடி இது? காலம்பர வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல ஆள் நிக்கிற மாதிரி எல்லாம் ஒரே வரிசையில நிக்குது?" என்றேன்.

"மெஷினுக்கு வெளங்குது தானே. ஒனக்கு மட்டும் என்ன கண் நோவு?" என்றாள்.

அவள் திருந்தப் போவதில்லை என்று தெரிந்ததும், திருத்துவதற்கென்று நானே ஒரு புரோகிராம் எழுதினேன். யாருடைய புரோகிராமைக் கொடுத்தாலும் அது வரிகளை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, படிக்கிற மாதிரி அடுக்கித் தரும். அதற்குச் சீப்பு என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

சீப்புக்குத் தானாக ஒரு மொழியும் தெரியாது. எங்கள் வகுப்பிலோ இரண்டு கம்ப்யூட்டர் மொழிகள் படித்தோம். அதனால் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சின்னப் பைல் எழுதி வைத்தேன். முதல் வரியில் ஓர் எண்: ஒவ்வொரு தடவையும் எத்தனை இடம் உள்ளே தள்ள வேண்டும் என்பதற்கு. அதன் கீழே, எந்தச் சொல் வந்தால் உள்ளே போக வேண்டும், எந்தச் சொல் வந்தால் வெளியே வர வேண்டும் என்ற பட்டியல்கள். ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் திமிரை அவளுடைய புரோகிராம்தான் அடக்கியது. பதுளையிலிருந்து புறப்படும் பஸ்களின் நேரத்தைச் சொல்லும் புரோகிராம் அது. 'நெக்ஸ்ட் பஸ் பசறை' என்று திரையில் காட்டும். அவள் எழுதிய மொழியில் 'நெக்ஸ்ட்' என்பது வெளியே வரச் சொல்லும் சொல். மேற்கோள் குறிக்குள் இருந்த அந்தச் சொல்லையும் சீப்பு நம்பி, அதற்குப் பிறகு வந்த வரிகளையெல்லாம் ஓரத்துக்கு இழுத்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு கீழே கடைவரை கேட்டிருக்கும். மேற்கோள் எதில் தொடங்கும், எதில் முடியும், நடுவில் இருப்பதைத் தொடாதே என்று இன்னொரு வரி சேர்க்க எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது.

பரீட்சைக்காக ஆளுக்கொரு புரோகிராமைத் தாளில் அச்சடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். என்னுடையது முதல் வாரமே போய்விட்டது. அவள் தன் பஸ் புரோகிராமைக் கடைசி நாள்வரை இழுத்துவிட்டாள். நாட்டில் கலவரமும் கடையடைப்புமாக, நாளைக்குப் பஸ் ஓடுமா, தபாற்கந்தோர் திறக்குமா என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. இரண்டு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊர் அக்கரைப்பற்று. "எனக்கு நகையெல்லாம் பெரிசில்ல. என்ட பேரு போட்ட ஒரு சேர்ட்டிபிகேட் வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று பார்த்து என் பஸ் பிந்திவிட்டது. நான் படியேறும்போதே பிரிண்டர் சத்தம் கேட்டது.

"ஒன்னப் பார்த்துட்டு இருந்தா நேரம் போயிரும்னு நானே தொடங்கிட்டன்" என்றாள் பெருமையாக. சீப்பு வகுப்புக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது; அவள் மொழிக்கான பைல் மட்டும் என் டிஸ்கில் இருந்தது. அதனால் நான் வகுப்பில் விட்டுப்போயிருந்த கொப்பியைப் பார்த்துத் தானே புதிதாக ஒன்று டைப் செய்திருந்தாள்.

தாளைப் பார்த்தேன். ஒரு வரி, பிறகு பத்து வரிக்கு வெறும் வெள்ளை. மறுபடி ஒரு வரி, இருபது வரிக்கு வெள்ளை. பிரிண்டரைப் பாய்ந்து நிறுத்தினேன். பெட்டியில் மிச்சமிருந்தது நாலைந்து தாள். புதுப் பெட்டி கண்டியிலிருந்து அடுத்த வாரம்தான் வரும்.

அவளுடைய பைலைத் திறந்தேன். முதல் வரியில் 786. என்னுடைய எண் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. முதல் வரியை மட்டுமே பார்க்கும் சீப்பு, ஒவ்வொரு தடவையும் எழுநூற்று எண்பத்தாறு இடம் தள்ளியிருக்கிறது. தாளின் அகலம் எண்பது இடம்தான்; மிச்சமெல்லாம் வெற்று வரிகளாகக் கீழே இறங்கிவிட்டது.

"கம்ப்யூட்டர் பைல்ல எதுக்குடி இதெல்லாம்?" என்று கத்திவிட்டேன்.

"கடையில பில் துண்டு எழுதினாலும் மேல பிஸ்மிக்கு அதப் போட்டுத் தானே எழுதுற. இண்டைக்குப் போடாம எப்பிடித் தொடங்குற?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. என் கொப்பியை எடுத்து முன்னால் வைத்தாள்.

அவள் பார்த்து எழுதிய அதே பக்கம். உச்சியில், என் கையெழுத்தில், பிள்ளையார் சுழி. எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் போடாத பக்கம் ஒன்று அந்தக் கொப்பியில் இல்லை. ஒரு நாளும் அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்டதும் இல்லை.

"அழிச்சிர்ரன்" என்று அவள் விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய பைலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. சீப்பில்தான் மாற்றினேன்: எந்தப் பைலானாலும் முதல் வரியைப் படிக்காதே, எண்ணை இரண்டாவது வரியில் தேடு. வெள்ளையாக வந்த தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அச்சடித்தோம். பஸ் புரோகிராம் அழகாக, படிப்படியாக வந்தது. வாப்பா கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, கடிதவுறையோடு தபாற்கந்தோருக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சேர்ட்டிபிகேட் வந்தபோது அவள் அக்கரைப்பற்றுக்குப் போய் மூன்று வாரம். வாப்பா அதை எடுத்துக்கொண்டு மேலே என்னிடம் வந்தார்.

"மகள், இதுல அவட பேரு எங்க ஈக்குது?"

எல்லாம் இங்கிலிஷில் இருந்தது. காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினார். எனக்கு அவள்மேல் அப்படி ஓர் ஏக்கம் வந்தது, அழுதுவிடுவேன் போலிருந்தது. பிறகு அவளுக்கு அனுப்ப ஒரு புது உறையை மேசையில் வைத்து, உச்சியில் 786 என்று எழுதினார். முகவரியை எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எழுத முந்தி நீங்க போடுறதயும் போடுங்க மகள். அவ தேடுவா."

அவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் சுழியைப் போட்டுவிட்டு, இரண்டாவது வரியில் அவள் பெயரை எழுதினேன்.