சமையலறைக்குள் கடல் வரவில்லை என்ற சத்தியம்

மாந்தோஸ் கவூராஸ் தன் அறுபத்தெட்டு வயதுக்குள் முப்பத்தோரு வழக்குகள் போட்டவர். பக்கத்து வீட்டுச் சேவல் மீது ஒன்று, தேவாலய மணி அரை நிமிடம் முந்தி அடிக்கிறது என்று ஒன்று, சொந்தத் தம்பி மீது மூன்று. தம்பியோடு அவருக்கு மனஸ்தாபம் எதுவும் கிடையாது. விசாரணை நாளில் இருவரும் எங்கள் சின்னக் கிரேக்கத் தீவிலிருந்து ஒரே கப்பலில் ஏறி, நீதிமன்றம் இருக்கும் பெரிய தீவுக்குப் போவார்கள், எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பொய்யன் என்பார்கள், ஒரே தட்டில் பொரித்த கணவாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மற்றவர்கள் சீட்டாடுவதைப் போல அவர் வழக்காடினார். பெரும்பாலும் தோற்றார்.

ஜெயித்ததில் சொல்லிக்கொள்ளும்படியானது ஒன்றுதான். பனிக்கால அலை வழக்கமாக எதுவரை ஏறுகிறதோ அதுவரை கரை, கரை முழுக்க அரசுக்குச் சொந்தம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். பதினொரு வருடங்களுக்கு முன் அளக்க வந்த பொறியாளர், அலை மாந்தோஸின் சமையலறைச் சுவரைத் தொடுகிறது என்று எழுதிவிட்டார். மாந்தோஸ் வேதப்புத்தகத்தின் மீது கை வைத்து, அலை படகைக் கட்டிவைக்கும் கல்லோடு நின்றுவிடுகிறது, கல்லுக்கும் சுவருக்கும் நடுவே பத்து அடி உலர்ந்த மணல் என்று சத்தியம் செய்தார். அது உண்மையும்கூட. நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அது அவர் வீடே அல்ல. எங்கள் தீவில் வீடு மகளுக்குத்தான் போகும். அது மனைவி செவஸ்தியின் சீதனம்.

ஐந்து வருடங்களாக அந்தப் பத்து அடி மணல் கிடையாது. புயல் வந்தால் கடலோரத் தெருவின் பதினான்கு வீடுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறும். காலையில் பெண்கள் வாளி வாளியாக வெளியே கொட்டுவார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வாஷிங் மெஷின் உடைஞ்சிருச்சு." அலை வந்தது என்று வாயைத் திறந்து சொன்னால் வீடு கரையாகிவிடும், கரை அரசுக்குப் போய்விடும்.

"பதினாலு மெஷினும் ஒரே நாள்ல உடையுது," என்று குழாய் வேலை பார்க்கும் பன்தெலிஸ் காபிக் கடையில் சொன்னார். "ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டேங்குறாங்க." யாரும் சிரிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஏதென்ஸிலிருந்து மிர்த்தோ என்ற இளம் வழக்கறிஞர் வந்து இறங்கினாள். பதின்மூன்று வீடுகளில் மெஷின் கதை கேட்டுவிட்டுப் பதினான்காவதாக மாந்தோஸின் சமையலறைக்கு வந்தாள்.

"யார் மேல வழக்கு?" என்றார் மாந்தோஸ்.

"அரசு மேல, பார்பா மாந்தோ," என்றாள், எங்கள் ஊரில் பெரியவர்களை அழைக்கும் முறையில்.

அவர் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். "எதுக்குன்னு போற வழியில சொல்லு."

"நிலக்கரி, எண்ணெய் எரிக்கிறதைக் குறைப்போம்னு கையெழுத்துப் போட்டாங்க. குறைக்கல. பூமி சூடாகுது, கடல் ஏறுது. உங்க வீட்டுக்குள்ள கடல் வந்துச்சுன்னு நீங்க சத்தியம் பண்ணணும்."

இன்னொரு கை கோட்டுக்கு வெளியிலேயே நின்றது. "வரலன்னு ஏற்கெனவே சத்தியம் பண்ணி ஜெயிச்சிருக்கேனேம்மா."

மிர்த்தோ அந்தப் பழைய தீர்ப்பை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. "அன்னைக்கு அலை கல்லோட நின்னுச்சுன்னு நீதிமன்றமே எழுதிக் குடுத்திருக்கு. இன்னைக்கு உள்ள வருது. கடல் நகர்ந்ததுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அப்ப வீடு?" என்றார் செவஸ்தி.

மிர்த்தோ பொய் சொல்லவில்லை. "மறுபடி அளக்க வரலாம். அளந்தா போகவும் போகலாம்."

மாந்தோஸ் ஒரு வாரம் காபிக் கடைப் பக்கமே போகவில்லை. வழக்குப் போடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"உன் வீடு, செவஸ்தி. போச்சுன்னா உங்கப்பா கல்லறையில இருந்து எழுந்து வந்து என்னை உதைப்பார்."

"வரட்டும். வந்தா அவர் கையிலயும் ஒரு வாளியக் குடு." செவஸ்தி தரையைப் பார்த்தார். "அஞ்சு வருஷமா மெஷின் உடைஞ்சதுன்னு சொல்றேன். அது ஒரு நாள்கூட உடைஞ்சதில்ல, மாந்தோ. நல்ல மெஷின். இனிமே அது மேல பழி போட எனக்கு மனசு வரல."

"அப்ப போட்டுடவா?"

"நீ எதுக்குப் போடணும்? வீடு என் பேர்ல இருக்கு. நான் போடுறேன். நீ சாட்சி."

முப்பத்தோரு வழக்குகள் கண்ட மனிதரைச் சாட்சியாக இறக்கியது அவருக்குப் பெரிய அடி. இருந்தாலும் புதுச் சட்டை வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர், அந்தச் சமையலறையைக் கடல் தொட்டதற்கு ஆதாரமே இல்லை என்று அரை மணி நேரம் வாதாடினார். நீதிபதியம்மாள் பழைய கோப்பைப் புரட்டினார்.

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, அலை இவங்க சமையலறைச் சுவரைத் தொடுதுன்னு சொன்னது யாரு?"

"அரசுதான், அம்மா."

"இப்ப தொடலங்கறது?"

"அரசுதான். சூழ்நிலை மாறியிருக்கு, அம்மா."

"அதைத்தான் அந்தம்மாவும் சொல்றாங்க."

வழக்கு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. தீர்ப்பு வர இன்னும் வருடங்கள் ஆகும். அளக்கும் குழுவோ மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. கரை இதுவரை என்று அவர்கள் போட்ட சிவப்புக் கோடு சமையலறையின் நடுவே போயிற்று: அடுப்பு அரசின் பக்கம், சாப்பாட்டு மேசை செவஸ்தியின் பக்கம்.

"அப்ப நான் சமைக்கிறது?"

"அரசு நிலத்துல, அம்மா."

"சாப்பிடறது?"

"உங்க நிலத்துல."

செவஸ்தி பன்தெலிஸைக் கூப்பிட்டு அன்றைக்கே அடுப்பைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மாற்றினார். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே ஆள் திரும்ப இடமில்லை. மாந்தோஸ் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு சாப்பிடப் பழகினார். அவருடைய மாமனார் கட்டிய பாதிச் சமையலறை காலியாகக் கிடந்தது. சில நாட்கள் செவஸ்தி அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்.

நவம்பர் புயலில், கடல் பக்கம் சரிந்திருந்த அந்தப் பாதியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. செவஸ்தி அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டார். "உங்க நிலத்துல தண்ணி நிக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க."

எழுத்து மூலம் மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். தண்ணீர் வடிந்து, உப்புக் காய்ந்த பிறகு, முத்திரை குத்திய பதில் வந்தது. மேற்படி இடம் கரையாதலால் அங்கே கடல்நீர் இருப்பது இயல்பே என்று எழுதியிருந்தார்கள்.

மாந்தோஸ் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கடிதத்தை மிர்த்தோவுக்கு அனுப்பிவைத்தார். அவள் அதை வழக்கில் ஆதாரமாகச் சேர்த்துவிட்டாள்.