பழகிவிடும் என்று நினைத்த வாசனை

"கூரை வூட்டுப் பொண்ணுக்கு வாசன ஒத்துக்கலயாம்" என்று எல்லோர் முன்பும் என்னைப் பார்த்துச் சிரித்தார் எங்கள் மேற்பார்வையாளர். மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் நான் வரவேற்பாளர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. விடுதியில் சீருடைகளை வாசனைத் திரவத்தில் அலசித் தருவார்கள். அணிந்தாலே எனக்கு இருமல் வரும். அவர் பேச்சு சுட்டதால், அதே திரவத்தை வாங்கி வீட்டுத் துணிகளிலும் ஊற்றிப் பழகப் பார்த்தேன்.

ஒருநாள் வேலையிலேயே மூச்சடைத்துச் சாய்ந்தேன். "நடிக்குது" என்றார் அவர்.

"இன்னா சார் நடிப்பு? மூச்சு வுட முடியாம தவிச்சிகினு கீறா" என்று கத்திய தோழி தேவி, என்னை ஆட்டோவில் ஏற்றினாள். வாசனைத் திரவம்தான் காரணம் என்றார் மருத்துவர்.

அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வெறும் சோப்பில் நானே துவைத்த சீருடையுடன் இன்று போனேன். அந்தத் திரவம் எனக்கு ஆகாது என்று மருத்துவர் எழுதிய சீட்டை, மேற்பார்வையாளரைத் தாண்டி மேலாளரிடமே கொடுத்துவிட்டு வேலையில் அமர்ந்தேன்.